கண்டிச் சீமையின் நீலப் பூவும் என் தந்தையின் டேலியாவும்

என் தந்தையார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். ஆயினும் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டு சேர்க்கும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சாரலில் இருந்த தேயிலைத் தோட்டமொன்றில், 1950களில் அவர் துரை பங்களாவின் தோட்டக்காரராக இருந்தார். மழை ஓய்ந்த காலை வேளைகளில் டேலியாப் பாத்திகளுக்கிடையே குந்தியிருந்து, கோழியிறகால் ஒரு பூவைத் தடவி மற்றொன்றின் மீது மெல்ல ஒற்றுவார். பிறகு தேனீக்கள் அண்டாதவாறு மஸ்லின் துணியால் பூவை மூடி, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். நூலை அவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதே சிறுவனான என் வேலை.

டேலியா மெக்சிக்கோ மலைகளில் பிறந்த செடி. 1789ஆம் ஆண்டு ஸ்பெயினின் மட்ரிட் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. 1791இல் கவனில்லஸ் என்னும் தாவரவியலாளர் அதற்கு ஆந்திரேயாஸ் டால் என்ற சுவீடன் நாட்டவரின் பெயரைச் சூட்டினார். பெரும்பாலான செடிகளின் உயிரணுக்களில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க, தோட்டத்து டேலியாவில் அவை எட்டுத் தொகுதிகளாக உள்ளன. ஆகவே அதன் விதையை முளைக்க வைத்தால் தாயைப் போன்ற பிள்ளை கிடைப்பது அரிது. நாற்பது நாற்று என்றால் நாற்பது விதமான பூ. இந்த விஞ்ஞானமெல்லாம் தந்தையாருக்குத் தெரியாது. ‘ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது தம்பி’ என்று மட்டும் சொல்வார்.

அப்படி ஒரு வருடம் பிறந்த பூவொன்று, இதழின் அடியில் கருஞ்சிவப்பும் நுனியில் வெண்மையுமாக மலர்ந்தது. அவ்வாண்டு நகரில் நடைபெற்ற மலர்க் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. பரிசு அட்டையில் துரைசாணியின் பெயர் இருந்தது. பூவுக்கும் அந்த அம்மையாரின் பெயரையே வைத்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. தந்தையாரோ, ‘பேரை அவங்க வச்சுக்கட்டும் தம்பி, கெழங்கு நம்ம மண்ணுக்குள்ளதான இருக்கு’ என்றார்.

பிற்காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, மலைநாட்டுச் செய்திகளைத் தேடிப் பல தடவை பேராதனைப் பூங்காவுக்குச் சென்றபோதெல்லாம் அந்த வார்த்தைகள் என் காதில் ஒலித்ததுண்டு. பூவுக்கு யார் பெயர், பூவை ஆக்கியது யார் கை, அதைக் காத்து வைத்திருப்பது யார் வீடு என்ற மூன்று கேள்விகளும் அந்தப் பூங்காவின் வரலாற்றிலேயே பின்னிக் கிடக்கின்றன.

ஆங்கிலேயர் இலங்கையில் நிறுவிய அரச தாவரவியல் பூங்கா முதலில் 1810ஆம் ஆண்டு கொழும்பு கொம்பனித்தெருவில் அமைந்தது. 1813இல் களுத்துறைக்கு இடம் மாறியது. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில், மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனையில் நிலைகொண்டது. இன்று அதன் பரப்பு 147 ஏக்கர். காட்சிக்கு இனிய பூங்காவாக நாம் அறிந்திருந்தாலும், அது பிற நாட்டுப் பயிர்களை இம்மண்ணில் பழக்கி எடுத்த பட்டறையும் ஆகும். அதன் கிளையாக 1861இல் ஹக்கலைப் பூங்கா தொடங்கியது, தென்னமெரிக்க அந்தீஸ் மலைகளின் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்காகவே. ஹெனரத்கொடைப் பூங்கா 1876இல் பிரேசிலின் இறப்பர்க் கன்றுகளுக்காக உருவாயிற்று. பிறர் மலையின் செல்வம் கப்பலேறி நம் மலைக்கு வந்த வரலாறு இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே இனி நான் சொல்லப்போவதை வாசகர்கள் படிக்க வேண்டும்.

உள்நாட்டுச் செடிகளும் அங்கே பெயர் பெற்றன. 1849 முதல் 1880 வரை பூங்காவை நிர்வகித்த துவைற்ஸ், இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட்டுக்குக் குடியேற்ற நாட்டுச் செயலாளரின் மனைவியான மெக்கார்த்தி சீமாட்டியின் பெயரை வைத்தார். டென்ட்ரோபியம் மெக்கார்த்தியே என்பதே இன்றும் அதன் தாவரவியல் பெயர். அதே பூங்காவில் 1823 முதல் ஏறத்தாழ 38 ஆண்டுகள் சித்திரகாரராக இருந்து, ஆயிரக்கணக்கான செடிகளைத் தூரிகையால் பதிவு செய்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. அவருடைய பெயரையும் ஓர் ஓர்க்கிட் தாங்குகிறது. தேனியோபில்லம் அல்விசியை என்னும் அச்செடிக்கு இலை என்று சொல்லத்தக்கதே இல்லை. மரப்பட்டையோடு ஒட்டிய வேர்களே அதன் உடல். சீமாட்டிக்கு வாய்த்த மலரையும் சித்திரகாரருக்கு வாய்த்த மலரையும் ஒப்பிட்டுப் பார்த்து நான் பல முறை புன்னகைத்திருக்கிறேன்.

ஆனால் செடியைக் கண்டுபிடித்துப் பெயரிடுவது வேறு, புதிய வர்க்கமொன்றை ஆக்குவது வேறு. இலண்டன் தோட்டக்காரர் தோமஸ் ஃபெயர்சைல்ட், கார்னேஷனையும் அதன் உறவான இன்னொரு பூவையும் கையால் கலந்து புதிய செடியொன்றை உருவாக்கியது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நமக்கு அண்மையில் சிங்கப்பூரில், ஆர்மீனியக் குடும்பத்தவரான எக்னஸ் ஜோக்கிம் அம்மையாரின் தோட்டத்தில் மலர்ந்த வண்டா ஓர்க்கிட்டை 1893இல் ரிட்லி உலகுக்கு அறிவித்தார். வளர்த்தவரின் பெயரையே அப்பூ பெற்றது. 1981இல் அது சிங்கப்பூரின் தேசிய மலராகவும் ஆயிற்று.

நம் மலைநாட்டிலும் அத்தகைய பேறுக்குரிய பூ ஒன்று உண்டு. சிங்கள மக்கள் ‘பினர’ என்று அழைக்கும் நீல மலர் அது. நமது ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் பினர மாதத்தின் பெயரே பூவுக்கும் பெயர். தாவரவியலில் எக்சாக்கம் எனப்படும் பேரினத்தைச் சேர்ந்தது. ஹோர்ட்டன் சமவெளிப் புல்வெளிகளிலும் மலைக்காட்டு ஓரங்களிலும் இதைக் காணலாம். நான் முதன்முதலில் கண்டது ஹக்கலையில், பாதையோரச் சரிவொன்றில். இரண்டு அங்குல அகலம் வரை விரியும் ஆழ்ந்த நீல ஊதா இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள். இதன் உறவினச் செடிகள் ஈரவலயத் தாழ்நிலத்திலும் ரிட்டிகலை மலையிலும் உள்ளன. வெண்ணிறப் பூப்பது இன்னொன்று. எக்சாக்கம் வாக்கரி என்ற அதன் பெயர், 1830களில் இங்கே செடி சேகரித்த வாக்கர் தம்பதியரை நினைவூட்டுவது.

பினரவின் அந்நிய உறவினர் ஒருவர் ஏற்கனவே உலகச் சந்தையை அடைந்துவிட்டார். 1880இல் சொக்கோத்ராத் தீவுக்குச் சென்ற பால்ஃபரின் குழுவினரால் அறிமுகமான எக்சாக்கம் அஃபினே என்னும் சிறு செடி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘பாரசீக வயலட்’ என்ற பெயரில் பூச்சட்டிகளில் விற்பனையாகிறது. அது பாரசீகத்துக்கும் உரியதன்று, வயலட் குடும்பத்தையும் சேர்ந்ததன்று. வணிகம் பெயர் சூட்டும் இலட்சணம் அப்படி!

அச்செடியின் பூ சிறியது. இலங்கைப் பினரவின் பூவோ பெரியது. எனவே மலர் வளர்ப்பு ஆய்வாளர்களின் கண் நம் மலைகளின் மீது விழுந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் ரிச்சட் கிரேக்கும் அன்ட்ரூ ரைஸ்மனும் இலங்கையின் எக்சாக்கம் இனங்களை ஒன்றோடொன்று கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினர். அவை ‘ஸ்டையர் தொகுதி’ என்று பெயர் பெற்றன. ரைஸ்மன் பின்னர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எவ்வினம் எதனோடு கலக்கும், பிறக்கும் கலப்பினத்தின் மகரந்தம் எவ்வளவு உயிர்ப்புள்ளது என்பவற்றை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த கட்டுரையில், அவ்விருவரோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுமணசிங்கவின் பெயரும் இருக்கிறது. கண்டிக்காரன் என்ற முறையில் அது எனக்கு ஆறுதல்.

இப்பூவைக் கலப்பது டேலியாவை இறகால் தடவுவது போன்ற எளிய காரியம் அன்று. பினரவின் மகரந்தப்பை நெடுக வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசித்துளை போன்ற வாய் மட்டுமே உண்டு. தேனீ அதைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு உடலை அதிரச் செய்தால்தான் உள்ளிருக்கும் தூள் சிந்தும். இன்னொரு விந்தை, சூல்தண்டு ஒரு பூவில் வலப்புறமும் மற்றொரு பூவில் இடப்புறமுமாக வளைந்திருப்பது. ஒரே பூவின் மகரந்தம் அதிலேயே விழாமல், வேறு பூவைச் சென்றடைய இயற்கை செய்த ஏற்பாடு அது. கலப்பினம் செய்பவர், தாயாகத் தேர்ந்த மொட்டு விரியுமுன் அதன் மகரந்தப்பைகளை இடுக்கியால் களைய வேண்டும். தந்தைப் பூவின் தூளை வெளியே எடுத்துச் சூலகமுடியில் சேர்க்க வேண்டும். பின்னர் தூசு போன்ற விதைகளைப் பொறுக்கி முளைக்க வைக்க வேண்டும்.

அவ்வளவும் செய்த பிறகுதான் தேர்வு தொடங்குகிறது. காட்டில் அழகாக நிற்கும் செடி, சட்டியில் நெட்டையாக வளர்ந்து சாயக்கூடும். பருவத்தில் மட்டும் பூக்கும் செடியை வியாபாரி விரும்பமாட்டார். குட்டையாக, கிளைத்து, பூ நிறைந்து, நீண்ட நாள் வாடாமல் நிற்கும் ஒன்றைத் தேடி எத்தனையோ நாற்றுகள் கழிக்கப்படுகின்றன. தேர்ந்தெடுத்த அந்த ஒன்றையும் விதையால் பெருக்க முடியாது. விதை போட்டால் குணங்கள் மீண்டும் பிரிந்துவிடும். தண்டைத் துண்டித்து நட்டோ, ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பு முறையிலோதான் அதன் சாயலைக் காக்கலாம். அந்தத் தாய்ச்செடியை ஆண்டுக்காண்டு உயிரோடு வைத்திருக்க ஒரு நிறுவனம் வேண்டும்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. பினரவை எவரும் களவாடினார்கள் என்று நான் எழுதவில்லை. சிங்கோனாவாலும் இறப்பராலும் வயிறு வளர்த்த நாம் அப்படிச் சொல்லும் யோக்கியதை உடையவர்களும் அல்லர். 1992ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், ஒரு நாட்டின் உயிரினச் செல்வத்தின் மீது அந்நாட்டுக்கே இறைமை உண்டு என்றும் அதனால் வரும் நன்மை பகிரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. 1994இல் இலங்கையும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டத்தில் உரிமை எழுதப்பட்டிருப்பதனால் மாத்திரம் பாத்தியில் பூ மலர்ந்துவிடாது. மகாவலியின் ஒரு கரையோரம் பூங்காவும் அதற்கு அண்மையில் பல்கலைக்கழகமும் இருக்கும்போது, இம்மலையின் பூவிலிருந்து இம்மலையில் பிறந்து, இம்மலையின் பெயரைத் தாங்கிய வர்க்கமொன்று உலகச் சந்தைக்குச் செல்ல வேண்டும் என்று விரும்புவது பேராசையா? ‘ஸ்டையர் தொகுதி’ என்ற பெயரைக் கேட்கும் எவருக்கும் ஹக்கலையின் நீலச் சரிவு நினைவுக்கு வரப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. காட்டிலிருந்து பிடுங்கி விற்கப்பட்டே வெசாக் ஓர்க்கிட் அருகிப்போயிற்று. தோட்டத்தில் வளரும் வர்க்கம் தாராளமாகக் கிடைத்தால், காட்டுச் செடியின் மீது நீளும் கை குறையும். பினரவுக்கும் அந்தப் பாதுகாப்பு தேவை.

தந்தையாரின் டேலியாவுக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். துரைசாணி குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பினார். பின்னர் 1975இல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. பங்களாப் பூந்தோட்டத்தை அதன் பிறகு எவரும் கவனிக்கவில்லை. தந்தையார் கிழங்குகள் சிலவற்றை லயத்துக் காம்பராவின் பின்புறம், மணல் நிரப்பிய தகரத்தில் சேமித்து வைத்திருந்தார். ஒரு பெருமழையில் கூரையொழுக்கு அதன் மீதே விழுந்திருக்கிறது. திறந்து பார்த்தபோது எல்லாம் அழுகிப்போயிருந்தன. அந்த அம்மையாரின் பெயர்கொண்ட பூ அன்றோடு உலகில் இல்லாமற் போயிற்று. தந்தையார் கையைக் கழுவிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவர் பேசவில்லை.