துவக்கிலிருந்து தொலைநோக்கிக்கு: பறவை நோக்கலின் வரலாறு பற்றி ஒரு குறிப்பு

பறவைகளைக் கண்டு மகிழ்தல் மனிதனுக்குப் புதியதன்று. ஆயின், பறவையைக் கொல்லாமலே அதனை அறிவியல் முறையில் அறியலாம் என்ற எண்ணம் மிகப் பிந்தியே தோன்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பறவையியலாளர் யாவரும் பெரும்பாலும் துவக்கு ஏந்தியவர்களே. சுடப்பட்டதே சான்று, தப்பியது வெறும் ஐயம் என்பது அக்காலத்தவர் கொள்கை.

இலங்கையும் இதற்கு விலக்கன்று. பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இங்கு பணியாற்றிய வின்சன்ற் லெக், தாம் சேகரித்த பறவைத் தோல்களை ஆதாரமாகக் கொண்டு ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலொன்றை 1878க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்டார். கியூலமன்ஸ் தீட்டிய அதன் வண்ண ஓவியங்கள் இன்றும் வியப்பூட்டுவன. அந்த அழகுக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் என்று கேட்பது எளிது. ஆனால் இன்றுள்ளவை போன்ற கையடக்கமான தொலைநோக்கியோ விரைவாகப் படம்பிடிக்கும் கருவியோ இல்லாத காலம் அது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

மாற்றம் இங்கிலாந்தில் அரும்பியது. றிச்சேட், செரி கியேர்ட்டன் சகோதரர்கள் 1892 இல் முட்டைகளுடன் கூடிய பறவைக் கூடொன்றை ஒளிப்படமாக்கினர். பாரமான கருவி, கண்ணாடித் தகடுகள், மந்தமான ஒளியுணர்வு ஆகியன காரணமாகப் பறக்கும் பறவை அவர்களுக்கு எட்டாக்கனி. அசையாத கூடே கைக்கெட்டியது. பறவை அஞ்சாதிருக்க, உள்ளே குடைந்த எருதொன்றின் உருவினுள் ஒளிந்திருந்தும் படம் எடுத்தனர். நகைப்புக்கிடமான இம்முயற்சியில் ஆழ்ந்த உண்மையொன்று உண்டு: துவக்குக்குக் கணப்பொழுது போதும்; கமராவுக்கோ பொறுமை வேண்டும். காத்திருப்பவன் பறவையின் வாழ்க்கையையும் காண்கிறான். எட்மண்ட் செலூஸ் 1901 இல் 'பறவை நோக்கல்' என்ற பெயரிலேயே நூல் எழுதினார். அவர் முன்னர் பறவைகளைச் சுட்டவர், பின்னர் அதனை வெறுத்தவர்.

இலங்கையில் பிறந்து கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், இறந்த பறவையைக் கையில் வைத்திருப்பவனுக்கன்றி மரத்தில் இருப்பதை நோக்குபவனுக்கும் உதவுமாறு அமைந்தது. படங்களையும் அவரே வரைந்தார்.

இப்பொழுதுபோக்கு அறிவுக்கு என்ன தந்தது என்று வினவுவோருக்கு ஒரு சான்று போதும். பறவைக் குரல்களில் தேர்ந்த தீபால் வரக்காகொட, 1995 இல் கித்துள்கல மழைக்காட்டில் இனங்காண முடியாத ஓர் இராக்குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவை கண்ணிற்பட்டது 2001 இல், சிங்கராஜ வனத்தில். ஆறாண்டுத் தேடல்! 2004 இல் அது அறிவியலுக்குப் புதிய ஆந்தையினமென விவரிக்கப்பட்டது. 1868 இற்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதலாவது புதிய பறவையினம் அதுவே. லெக் போன்றோரின் துவக்குகளுக்குத் தப்பியதைச் செவி கண்டுபிடித்தது. எனினும், முன்னோர் எழுதிய நூல்களும் சேர்த்துவைத்த தோல்களும் இல்லையேல், அக்குரல் அறியப்படாத பறவையொன்றினது என எவரும் துணிந்திருக்க இயலாது. ஆகவே அவர்களை முற்றாகப் பழித்தல் நன்றியின்மையாகும்.

அவ்வாந்தையின் அறிவியற் பெயரில் இடம்பெறுபவர் திலோ ஹொவ்மன். 1970களில் சிங்கராஜ வனத்தில் மரங்கள் தறிக்கப்பட்டபோது அதனை எதிர்த்துப் போராடியவர் அவர். 1977 இல் தறிப்பு நிறுத்தப்பட்டது.