சக்கர உயிரிகளால் இழை பாக்டீரியாக் கட்டுப்பாடு

சக்கர உயிரிகளால் இழை பாக்டீரியாக் கட்டுப்பாடு என்பது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அளவுக்கு மீறிப் பெருகும் இழைவடிவப் பாக்டீரியாக்களை, அவற்றை உண்ணும் நுண்விலங்குகளைக் கொண்டு குறைக்கும் உயிரியல் முறையாகும். இதற்கெனப் பெரிதும் ஆராயப்பட்டது லெக்கேன் இனெர்மிஸ் என்னும் சக்கர உயிரி (ரோட்டிஃபர்) ஆகும்.

பின்னணி

கிளர்வூட்டிய கசடு முறை 1914 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் ஆகியோரால் அறிவிக்கப்பட்டது. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர், பெருங்குடி முதலிய இடங்களிலுள்ள நிலையங்களிலும் இம்முறை பின்பற்றப்படுகிறது. இதில் காற்றூட்டப்பட்ட தொட்டியில் பாக்டீரியாக்கள் கழிவை உண்டு திரள்களாகின்றன. அத்திரள்கள் அடுத்த தொட்டியில் படிய, மேலே தெளிந்த நீர் வெளியேறுகிறது.

ஓரளவு இழைகள் திரளுக்கு எலும்புக்கூடு போல் உதவுகின்றன. மிகுந்தால் திரள்கள் ஒன்றையொன்று நெருங்க முடியாமல் கசடு உப்பி, படியாமல் நீருடன் ஆற்றிற்குச் சென்றுவிடும். 30 நிமிடம் படியவிட்ட பின் ஒரு கிராம் கசடு 150 மில்லிலிட்டருக்கு மேல் இடம் கொண்டால் அது பொதுவாக உப்பிய கசடு எனக் கொள்ளப்படுகிறது.

குளோரின் இடுதல் வழக்கமான தீர்வு. ஆயினும் அது பயன்தரும் பாக்டீரியாக்களையும் கொல்லும். இழைகள் பெருகக் காரணமான சூழலையும் மாற்றாது.

செயற்பாடு

லெக்கேன் இனெர்மிஸ் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீளமுடையது. இழையின் ஒரு முனையைப் பற்றி உள்ளிழுத்து விழுங்குகிறது. பெண் உயிரிகள் கருவுறாமலேயே முட்டையிடுவதால் விரைவில் பெருகுகின்றன.

ஆய்வுகள்

போலந்தின் கிராக்கோவ் நகரிலுள்ள யாகியெலோனியப் பல்கலைக்கழகத்தின் எடிட்டா ஃபியவ்கோவ்ஸ்கா, அக்னியெஷ்கா பைடக்-ஸ்துஸ் ஆகியோர், லெக்கேன் உயிரிகள் கசட்டிலுள்ள இழைகளைக் குறைப்பதை 2008 இல் வெளியான ஆய்வில் காட்டினர். நுரை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஆய்வகத்திலும் இயங்கும் நிலையத்திலும் குறைந்ததை இக்குழுவினரின் 2017 ஆம் ஆண்டுக் கட்டுரை தெரிவிக்கிறது.

வரம்புகள்

* குளிர்ந்த நீரில் இவ்வுயிரியின் பெருக்கம் தளர்கிறது. மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா என்னும் இழையோ குளிர்காலத்திலேயே தொல்லை தருகிறது.
* அம்மோனியமும், இழைகளை ஒடுக்க இடப்படும் அலுமினியச் சேர்மங்களும் இதற்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.
* இழைகளைத் தின்பதால் மட்டும் மூலக் காரணம் நீங்காது. கரைந்த ஆக்சிசன் குறைவு, அழுகிய கழிவுநீரில் உள்ள சல்பைடு போன்றவற்றையும் சரிசெய்தல் வேண்டும்.

காவிரிப் படுகையும் சக்கர உயிரிகளும்

சக்கர உயிரிகள் நன்னீர்க் குளங்களிலும் நெல்வயல் நீரிலும் இயல்பாக வாழ்பவை. தாராசுரம் போன்ற காவிரிப் படுகை ஊர்களில், குளத்துப் பாசியைப் பிழிந்த நீர்த்துளியைப் பள்ளி நுண்ணோக்கியில் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இவற்றைக் காண வாய்ப்புண்டு. தலையிலுள்ள மயிரிழைகள் அசையும்போது சக்கரம் சுழல்வது போல் தோன்றும்; பெயரும் அதனாலேயே வந்தது.

தாராசுரம் 2021 முதல் கும்பகோணம் மாநகராட்சியின் பகுதியாகும். பட்டு நெசவு இங்குள்ள முதன்மைத் தொழில்களுள் ஒன்று. நச்சுத்தன்மையுள்ள சாயக் கழிவு வீட்டுக் கழிவுநீருடன் கலக்குமாயின், சக்கர உயிரிகள் எளிதில் பாதிப்படையும். எனவே இம்முறையை மேற்கொள்ளும் எந்த ஊரிலும், தொழிற்கழிவைத் தனியே பிரித்துச் சுத்திகரிப்பது முதற்படியாகும். போலந்தின் முடிவுகளை வெப்ப நாட்டில் அப்படியே பொருத்தவும் இயலாது; முதலில் எந்த இழை பெருகியுள்ளது என நுண்ணோக்கியால் கண்டறிதல் இன்றியமையாதது.