நாலு நாள் பாஸ்

ஐரோப்பிய ரயில்களில் செல்லும் யூரெயில், இன்டர்ரெயில் என்ற இரண்டு பாஸ்களையும் இன்று கவனிப்பது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள ஒரே நிறுவனம். மூத்தது யூரெயில். ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்காக 1959இல் 13 நாடுகளுக்குச் செல்லுபடியாக வந்தது. இளையது 1972இல் வந்த இன்டர்ரெயில். 21 வயதுக்கு உட்பட்ட ஐரோப்பியப் பிள்ளைகள் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஒரு மாதம் 21 நாடுகளில் ஊர் சுற்றட்டும் என்பதற்காக. வயதுக் கட்டுப்பாடு 1998இல்தான் முழுதாக நீங்கியது. இப்போது இரண்டும் 33 நாடுகளில் செல்லும்.

யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட்டின் நிறமல்ல, குடியிருக்கும் நாடு. பாரிஸில் வதிவிட அனுமதியுடன் இருக்கும் மகன் இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவனுக்கு இன்டர்ரெயில்தான். அவனைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அம்மாவுக்கு யூரெயில். ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருவரும் உட்கார்ந்து போகலாம்.

அந்த அம்மாவின் பாஸைப் பின்தொடர்வோம். மகன் பாரிஸில், தம்பி ஜெர்மனியின் ஹம் நகரில், மகள் சூரிக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களில் இது புதினமான வரைபடம் அல்ல. சுவிட்சர்லாந்து 2008 டிசம்பரில் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் மூன்று வீட்டுக்கும் ஒரே விசா போதும். பயணத்தின் நடுவில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழா.

பாஸ் வாங்கும்போது முதல் சிக்கல் பெயரில் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும், டிக்கெட் பரிசோதகர் இரண்டையும் சேர்த்துக் கேட்பார். முதலெழுத்து வைத்துக்கொள்ளும் நம் ஆட்கள் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று அந்தக் கட்டங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் திகைத்து நிற்பார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே எழுதிவிடுவது உத்தமம்.

அடுத்தது எந்த வகை என்ற கேள்வி. 15 நாள், 22 நாள், ஒரு மாதம் எனத் தொடர்ச்சியாக ஓடும் பாஸ்கள் உண்டு. ஒரு மாதத்துக்குள் விரும்பிய 4, 5 அல்லது 7 நாள் மட்டும் பயணிக்கும் பாஸ்களும் உண்டு. தினம் ஓர் ஊர் என்று அலையும் மாணவனுக்கு முதல் வகை சரி. நம்மவர்களுக்கு அது வீண் செலவு. தம்பி வீட்டில் இறங்கினால், "அக்கா, இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்கோ" என்பான். அக்கா அவன் சமையலறையில் இருக்கும் அந்த ரெண்டு நாளுக்கும் தொடர் பாஸ் பணத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். நாலு நாள் பாஸோ பேசாமல் கிடக்கும். உறவினர் வீடுகளைக் கோத்துப் போகிற பயணத்துக்கு அதுதான் பொருத்தம் என்பேன். போகும் தேதியும் ரயிலும் முன்பே உறுதி, போவதும் ஒரே இடம் என்றால் பாஸே வேண்டாம். ஜெர்மன் ரயில்வேயின் முன்பதிவுச் சலுகை டிக்கெட் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

பாஸ் இன்று கைப்பேசிக்குள் இருக்கிறது. முன்பெல்லாம் காகிதம், ரயிலேறும் முன் அன்றைய தேதியைப் பேனாவால் கட்டத்தில் எழுத வேண்டும், அடித்துத் திருத்தினால் வம்பு. இப்போது செயலியில் ரயிலைத் தேர்ந்து சேர்த்தால் கியூஆர் கட்டம் வரும். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை.

முதல் நாள்: பாரிஸ். நம் கடைகள் வரிசைகட்டி நிற்கும் லா ஷபேல் பக்கத்திலேயே கார் து நோர் நிலையம். அங்கிருந்து கொலோனுக்கு யூரோஸ்டார். பாஸ் இருந்தாலும் இதில் இருக்கைக்குத் தனியே காசு கட்டிப் பதிவு செய்தே ஆக வேண்டும், பாஸ்காரர்களுக்கு ஒதுக்கீடும் குறைவு. பாஸ் வாங்கியபின் பலருக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஜெர்மனிக்குள் ஐசிஇ அதிவேக ரயில்களில் அந்தக் கட்டாயம் இல்லை. கொலோனில் மாறி, வுப்பர்டால், ஹாகன் வழியாக ஹம்.

1847இலேயே கொலோன்–மிண்டன் ரயில்பாதை எட்டிய ஊர் ஹம். பெர்லின் போகும் பல ஐசிஇக்கள் இங்கேதான் ஜோடி சேர்கின்றன. வுப்பர்டால் வழியாக ஒரு பாதி, டுசல்டார்ஃப், டோர்ட்முண்ட் வழியாக மறு பாதி. ஒன்று நடைமேடையில் காத்திருக்கும். மற்றது ஊர்ந்து வந்து, சற்றுத் தள்ளி நின்று, பிறகு அங்குலம் அங்குலமாக நெருங்கும். இரண்டின் மூக்கு மூடிகளும் திறந்திருக்கும். உள்ளேயிருக்கும் ஷார்ஃபன்பெர்க் இணைப்பிகள் 'ணங்'கென்று கவ்வியதும் மின்தொடர்பும் காற்றுக்குழாயும் தாமாகவே பொருந்திவிடும். கம்பி மாட்ட ஆள் இறங்கத் தேவையில்லை. பெர்லினிலிருந்து மேற்கே வரும்போது இதே நிலையத்தில் பிரிவார்கள். பெட்டி எண்ணைப் பார்க்காமல் தவறான பாதியில் தூங்கியவர் டுசல்டார்ஃபில் கண் விழிப்பார். குறிப்பிட்ட ரயிலுக்கே கட்டுப்பட்ட சலுகை டிக்கெட்காரருக்கு அது தலைவலி. பாஸ்காரர் அடுத்த ரயிலில் ஏறிக் கொலோன் போய்விடுவார்.

கோயில் ஊருக்குக் கிழக்கே, உவென்ட்ரோப் தொழிற்பேட்டையில் இருக்கிறது. 1989இல் ஒரு நிலவறையில் பாஸ்கரக் குருக்கள் தொடங்கிய வழிபாடு, 2002 ஜூலையில் 17 மீட்டர் கோபுரத்தோடு குடமுழுக்குக் கண்டது. கோடைத் தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் சனம் வரும். பக்கத்துக் கால்வாய்தான் தீர்த்தம். நிலையத்திலிருந்து அங்கே போகும் நகரப் பேருந்தில் அம்மாவின் பாஸ் செல்லாது. தம்பி வைத்திருக்கும் ஜெர்மனி டிக்கெட் என்ற மாதச் சீட்டு செல்லும். 2023 மேயில் மாதத்துக்கு 49 யூரோவாகத் தொடங்கி, 2026இல் 63 ஆகியிருக்கிறது. அதைக் கொண்டு ஐசிஇயில் ஏற முடியாது. தம்பி இன்டர்ரெயில் வாங்கினாலும் குடியிருக்கும் நாடான ஜெர்மனிக்குள் வெளியேற ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஹம்மிலிருந்து கொலோன், பாசல் வழியாகச் சூரிக். மிச்சம் இரண்டு நாள். பயன்படுத்தாத நாளுக்குப் பணம் திரும்பாது. மகளோடு அதிகாலையில் கிளம்பிக் கூர் நகருக்குப் போய், ரேட்டியன் மலை ரயிலில் பெர்னினா கணவாய் ஏறி இத்தாலியின் திரானோவில் இறங்கினால் ஒரு நாள் நல்லபடியாகச் செலவாகும். அந்தப் பாதை 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பெரிய கண்ணாடி வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு அது கிடையாது, அதன் பெட்டிகள் சிலவற்றில் சன்னலையும் இறக்கிக்கொள்ளலாம்.