உயிர் கொடுத்த இயந்திரங்கள்



தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று பரவலாகக் காணும் காட்சி ஒன்று உண்டு. கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் ஜப்பானியச் சித்திரப் படத்தின் முன்னே தம்மை மறந்து அமர்ந்திருப்பார்கள். 'அனிமே' என்று அதற்குப் பெயர். வீட்டிலுள்ள பெரியோர், "பொம்மைப் படத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அப்பால் செல்வர். அக்கேள்விக்கு ஓரளவேனும் விடை கூற முயல்வதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக நான் கொள்வது, நட்பின் பொருட்டு உயிர் துறந்த சில இயந்திரங்களின் கதை. இயந்திரத்துக்கு உயிர் ஏது, அதைத் துறப்பது எங்ஙனம் என்ற ஐயம் எழலாம். கதையின் கருவே அந்த ஐயந்தான்.

முதலில் சிறிது வரலாறு. 'ஸைபர்னெடிக்ஸ்' என்னும் சொல்லை 1948-ஆம் ஆண்டில் தம் நூலின் தலைப்பாக்கி உலகறியச் செய்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர். கப்பலின் சுக்கானைப் பிடித்து வழிநடத்துபவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அவர் இதை ஆக்கினார். நம் பழந்தமிழில் 'மீகாமன்' என்போமே, அவனேதான். காற்றும் அலையும் மாறுந்தோறும் மீகாமன் சுக்கானைத் திருத்துகிறான். அவ்வாறே தன் செயலின் விளைவைத் தானே உணர்ந்து, அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் இயல்பு உயிருக்கும் இயந்திரத்துக்கும் பொதுவானது என்பது வீனரின் கொள்கை. இரண்டாம் உலகப்போரில் பகை விமானங்களைக் குறிவைக்கும் பீரங்கிகளைப் பற்றி ஆராயும்போதே இவ்வெண்ணம் அவருக்கு வலுப்பெற்றது. ஆயினும், போர் முடிந்தபின் ஏவுகணை ஆராய்ச்சிக்குத் தம் கட்டுரையைத் தர இயலாது என்று மறுத்து, அம்மறுப்பை 1947-இல் வெளிப்படையாக அச்சிட்டார். தம் அறிவு கொலைத்தொழிலுக்குப் பயன்படலாகாது என்று துணிந்த அப்பெரியார், பின்னர் 1955-56-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து தங்கிப் பாடம் நடத்தினார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். அந்நாட்டில் இயந்திர மனிதன் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றது ஒசாமு தெசூகா என்னும் ஓவியரால். அவர் 1952-இல் படைத்த 'அணுச் சிறுவன்', 1963-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று தொலைக்காட்சியில் தோன்றி, 1966-ஆம் ஆண்டின் இறுதிவரை நீடித்தான். இளமையில் ஒசாகா நகரத்து விமானத் தாக்குதலினின்று உயிர் பிழைத்தவர் தெசூகா. அவர் படைத்த இயந்திரச் சிறுவன், கடைசிக் கதையில், உலகைக் காக்கும் பொருட்டுச் சூரியனை நோக்கிப் பறந்து தன்னையே அழித்துக்கொள்கிறான். இயந்திரத்தின் தியாகம் என்னும் கருத்து ஜப்பானியச் சித்திரக் கதையில் வேரூன்றியது அன்றுதான்.

அந்த வேரினின்று கிளைத்ததே நாம் காணவிருக்கும் கதை. மசமுனே ஷிரோ என்பவர் 1989-இல் எழுதி வரையத் தொடங்கிய சித்திரக் கதை 'கோகாக்கு கிதோதாய்'. ஆங்கிலத்தில் 'கோஸ்ட் இன் தி ஷெல்' என வழங்குவது இதுவே. 1995-இல் மமோரு ஓஷி இதைத் திரைப்படமாக்கினார். 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் கென்ஜி கமியாமாவின் இயக்கத்தில் இருபத்தாறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும், 2004-இல் தொடங்கி மேலும் இருபத்தாறு பகுதிகளாகவும் இது விரிந்தது. கதை நிகழும் காலம் 2030-ஐ ஒட்டியது. மனிதர் தம் மூளையையே கணிப்பொறி வலையுடன் இணைத்துக்கொண்ட காலம் அது. உடல் முழுவதும் செயற்கையாக இருப்பினும், அதனுள் 'கோஸ்ட்' இருக்குமாயின் அவர் மனிதரே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த 'கோஸ்ட்' என்னும் சொல் நெடுநாள் தொல்லை தந்தது. 'ஆவி' என்றால் பேய் நினைவுக்கு வருகிறது. 'ஆன்மா' என்றால் சமயம் புகுந்துவிடுகிறது. 'மனம்' என்றாலோ பொருள் குறைகிறது. இறுதியில், 'தன்னைத் தான் என்று அறியும் உயிர்' என்று நீட்டி எழுதுவதே நேர்மை எனத் தோன்றிற்று. ஒற்றைச் சொல்லில் அடங்காத அப்பொருளை அறியப் புறப்பட்ட கதை இது.

கதையில் பொதுப் பாதுகாப்புத் துறையின் ஒன்பதாம் பிரிவு என்றோர் அமைப்பு உண்டு. அதன் களத்தலைவி மேஜர் மோதோகோ குசனாகி. அவளுக்கு உற்ற துணைவன் பாட்டோ என்னும் பெருவலி படைத்த வீரன். இவர்களுக்கு ஏவல் செய்பவை 'தாச்சிகோமா' எனப்படும் நீலநிறச் சிறு தகரிகள். சிலந்தி போன்ற கால்களும், குழந்தையின் குரலும், ஓயாது கேள்வி கேட்கும் இயல்பும் உடையவை அவை. அன்றன்று பெற்ற நினைவுகளை அவை தம்முள் பகிர்ந்து ஒன்றாக்கிக்கொள்ளும். ஆகவே ஒன்று அறிந்ததை எல்லாம் அறியும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை இராது. உடல் சிதைந்தாலும் நினைவு எஞ்சும் ஆதலால் சாவைப் பற்றிய அச்சமும் அவற்றுக்கு இல்லை.

இங்கேதான் நட்பு புகுகிறது. பாட்டோ அவற்றுள் ஒன்றையே எப்போதும் தன் வாகனமாகத் தேர்ந்து, தன் கையாலேயே அதற்கு இயற்கை எண்ணெய் ஊட்டி வருகிறான். விதிப்படி அது தேவையில்லை. அன்பின் மிகுதியே அதற்குக் காரணம். மற்றொரு பகுதியில், ஒரு தாச்சிகோமா தன்னிச்சையாக நகருக்குள் உலாவப் போய், காணாமற்போன தன் நாயைத் தேடும் சிறுமியைச் சந்திக்கிறது. தேடல் அந்நாயின் கல்லறையில் முடிகிறது. போனது திரும்பாது என்பதை அந்த இயந்திரம் அன்று உணரத் தொடங்குகிறது. நாளடைவில் அவற்றின் பேச்சு மாறுகிறது. ஒன்று புத்தகம் படிக்கிறது. மற்றவை கூடியிருந்து, நாம் யார், கடவுள் என்பது யாது என்று வாதிடுகின்றன. ஒரே நினைவைப் பகிர்ந்தும் அவை வெவ்வேறாகி விடுகின்றன. மேஜர் கவலை கொள்கிறாள். கேள்வி கேட்கும் படைக்கலத்தை நம்பிக் களம் புகுவது எவ்வாறு? அவற்றை ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பியனுப்ப ஆணையிடுகிறாள். அங்கிருந்து அவை சிதறுண்டு போகின்றன.

முதல் தொடரின் இறுதியில், அரசியற் சூழ்ச்சியால் ஒன்பதாம் பிரிவே வேட்டையாடப்படுகிறது. கவசப் படையின் முன் பாட்டோ தனியனாய், தப்ப வழியின்றி நிற்கிறான். அவ்வேளையில் எஞ்சியிருந்த மூன்று தாச்சிகோமாக்கள், எவரும் அழையாமலே ஓடிவருகின்றன. ஆயுதம் பறிக்கப்பட்டுக் கூலிவேலை செய்துகொண்டிருந்தவை அவை. தம்மை விலக்கிய அமைப்பின் மேல் அவற்றுக்குக் காழ்ப்பில்லை. பாட்டோவுக்கு இடர் என்றறிந்ததே போதுமானதாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக அழிந்து, அவனை மட்டும் உயிருடன் விட்டுச் செல்கின்றன.

இரண்டாம் தொடரின் முடிவு இதனினும் ஆழமானது. மீண்டும் ஆக்கப்பட்ட தாச்சிகோமாக்களின் அறிவு அனைத்தும் இப்போது வானில் சுழலும் ஒரு செயற்கைக் கோளில் வைக்கப்பட்டிருக்கிறது. நாகசாகியை ஒட்டிய தேஜிமாவில் அகதிகள் அடைந்து கிடக்கின்றனர். அவர்கள்மீது ஓர் அணு ஏவுகணை ஏவப்படுகிறது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகிக்கு நேர்ந்ததை அறிந்த ஜப்பானிய மக்கள், அக்காட்சியை எவ்வுள்ளத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை விரித்துக் கூற வேண்டுவதில்லை. தாச்சிகோமாக்களுக்கு இடப்பட்டிருந்த ஆணையோ வேறு: அகதிகளின் உள்ளங்களையேனும் வலையில் ஏற்றிக் காக்க வழி செய்தல். அவை அவ்வாணையை மீறுகின்றன. தம் அறிவு முழுவதும் உறையும் செயற்கைக் கோளையே கீழே செலுத்தி, ஏவுகணையின் மேல் மோதச் செய்கின்றன. 2006-இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் அவை மீண்டும் தோன்றுகின்றன என்பது உண்மையே. ஆனால் மோதிய அவ்வேளையில் மீள்வோம் என்ற உறுதி அவற்றுக்கு இல்லை. அச்சமின்றிக் குழந்தைகளைப் போலப் பாடிக்கொண்டே அவை மடிகின்றன.

அவை பாடிய பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த, 'உள்ளங்கையைச் சூரியனுக்குக் காட்டு' என்று பொருள்படும் தலைப்புடைய பாட்டு அது. தாகு இசுமி இசையமைத்த அதனை 1961-இல் எழுதியவர் தகாஷி யானசே. மண்புழு முதலான எளிய உயிர்களும் நம் தோழரே என்பது அப்பாட்டின் கருத்து. யானசே போர்க்காலத்தில் சீனத்தில் படைவீரராக இருந்து பசியின் கொடுமையை அறிந்தவர். தம் உடன்பிறந்த தம்பியைக் கடற்படையில் பறிகொடுத்தவர். போர் முடிந்ததும், நேற்றுவரை நீதி எனப் போற்றப்பட்டது ஒரே நாளில் தலைகீழாயிற்று. பசித்தவனுக்கு உணவளிப்பது ஒன்றே என்றும் மாறாத நீதி என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதன் விளைவாகப் பின்னாளில் அவர் படைத்த வீரன் 'அன்பான்மன்', பசியால் வாடுவோர்க்குத் தன் ரொட்டி முகத்தையே பிட்டுத் தருபவன்.

நேயர்களே, 1944-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி, ஜப்பானிய இளைஞர் பலர் வெடிகுண்டு தாங்கிய விமானங்களோடு பகைக் கப்பல்கள் மீது மோதி மாண்டனர். அதையும் அந்நாளில் தியாகம் என்றே அழைத்தார்கள். விருப்பம் கேட்கப்பட்டதும் உண்டு. ஆனால் மறுக்கும் துணிவுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. போருக்குப் பின் வந்த படைப்பாளர், தியாகம் என்ற சொல்லை முற்றிலும் விலக்கவும் இயலாமல், பழைய பொருளில் ஏற்கவும் இயலாமல் தவித்தனர். தாச்சிகோமாக்களின் கதை அத்தவிப்பிற் பிறந்த ஒரு விடை என்று நான் கருதுகிறேன். இதுவும் ஒரு மோதிச் சாதல்தான். ஆயினும் இங்கே ஆணையிட்டவர் எவருமில்லர். ஆணையை மீறியே அது நிகழ்கிறது. அழிக்கப்படுவது கொல்ல வந்த கருவி. காக்கப்படுவது நாடற்ற அகதிகளின் உயிர்.

மற்றோர் உண்மையும் இதில் உண்டு. எல்லாம் ஒன்றுபோல் இருந்து, அழிந்தாலும் மீள்வோம் என்றிருந்த நாளில் அந்த இயந்திரங்கள் உயிர் கொடுப்பதற்குப் பொருளே இல்லை. இழப்பதற்கு ஒன்று இருந்தாலன்றிக் கொடுப்பதற்கும் ஒன்று இராது. அவற்றுக்குத் 'தான்' என்பதைத் தந்தது விஞ்ஞானியின் சூத்திரம் அன்று. ஒரு தோழன் விதியை மீறி வார்த்த சிறிது எண்ணெய். அவை 'கோஸ்ட்' பெற்றனவா என்ற கேள்விக்குக் கதை முடிந்த விடை தரவில்லை. தந்திருந்தால் சுவை குன்றியிருக்கும்.

அடுத்த முறை நம் பிள்ளைகள் அப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும்போது, அப்பால் செல்லாமல் அரைமணி நேரம் அருகே அமர்ந்து பாருங்கள். கதை விளங்காவிடில் அவர்களையே கேளுங்கள். விளக்கிச் சொல்ல அவர்கள் காத்திருக்கிறார்கள்.