பாய்லர்ல இருந்து வயித்துக்கு: ஸ்கேன் ஜெல்லோட கதை

மேட்டூர்ல அம்மாவுக்கு வயித்து ஸ்கேன். ஒரு பாட்டில் தண்ணியைக் குடிச்சிட்டு, ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு பெஞ்ச்ல நெளிஞ்சிட்டு இருந்தாங்க. உள்ளே ஒரு அக்கா பெரிய கேன்ல இருந்து சின்ன பாட்டிலுக்கு ஜெல் ஊத்தினாங்க, ஏற்கெனவே பாதி இருந்த ஜெல்லு மேலயே. இன்னிக்குக் கதை அந்த ஜெல்லைப் பத்தி.

அனல்மின் நிலையம் இருக்கிற ஊர்ல பாய்லர்னா பழகின வார்த்தை. வயித்து ஸ்கேனும் பாய்லர் கம்பெனி வழியாத்தான் வந்துச்சு. 1955-ல ஸ்காட்லாந்தோட மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், ஆபரேஷன்ல எடுத்த கட்டிகளை கார்ல ஏத்திக்கிட்டு, கிளாஸ்கோ பக்கத்துல இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்துல விரிசல் தேடுற கருவியை வெச்சுப் பார்த்தா, நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் வித்தியாசம் தெரிஞ்சுது. 1958-ல லான்செட் இதழ்ல கட்டுரை வந்துச்சு.

ஒரே தொல்லை, காத்து. இந்த ஒலி காத்தைத் தாண்டாது. அமெரிக்காவுல, டென்வர்ல, ஆளையே தண்ணித் தொட்டிக்குள்ள உட்கார வெச்சு எடுத்தாங்க. அந்தத் தொட்டி பழைய போர் விமானத்தோட துப்பாக்கிக் கூண்டு! கிளாஸ்கோவுல தோல்மேல ஆலிவ் எண்ணெய் தடவினாங்க. அப்புறம் வந்ததுதான் ஜெல். அம்மா அடக்கிட்டு இருந்ததும் இதுக்குத்தான்: நிறைஞ்ச மூத்திரப்பை, காத்து அடைச்ச குடலைத் தள்ளிவிட்டு ஒலிக்கு வழி விடும்.

ஜெல்லுல பெரும்பகுதி தண்ணிதான். கிருமி வளராம இருக்க பாரபென் கலப்பாங்க. அது போதும்னு நம்பினாங்க. கனடாவுல, ஆசனவாய் வழியா ஸ்கேன் பார்த்து புராஸ்டேட் பயாப்சி எடுத்த சிலருக்குக் கடுமையான தொற்று வந்துச்சு. காரணம் ஜெல்லுல இருந்த பர்கோல்டேரியா. அந்த பாக்டீரியா பாரபெனையே சிதைக்குதுன்னு 2004-ல வந்த ஆய்வு சொல்லுச்சு. காவலுக்கு வெச்ச நாயையே தின்ன மாதிரி.

நம்ம பக்கமும் நடந்திருக்கு. குழந்தைகள் ரத்தத்துல இதே குடும்பத்துக் கிருமி தென்பட, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தேடிப் போய் ஸ்கேன் ஜெல்லுல பிடிச்சாங்க. 2019-ல எழுதி வெளியிட்டாங்க. பொதுவா இப்படித் தேடுறதே அபூர்வம். சாதாரண நீர்க்கடுப்புன்னா மாத்திரையோட கதை முடிஞ்சிடும்.

இங்க எனக்கு ஒரு ஆதங்கம். பெண் சிசுக்கொலையால தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல தொடங்கினதே நம்ம சேலத்துலதான். 1994-ல சட்டம் வந்துச்சு. இன்னிக்கு எந்த ஸ்கேன் அறைக்குப் போனாலும் 'ஆணா பெண்ணான்னு சொல்ல மாட்டோம்'னு போர்டு இருக்கு. இருக்கணும். ஆனா ஜெல்லைப் பத்தி ஒரு வரி நான் எந்தச் சுவத்துலயும் பார்த்ததில்லை.

பயமுறுத்தல. காயமில்லாத வயித்துத் தோல்மேல தடவுற ஜெல் பெரிய ஆபத்து இல்ல, துடைச்சிட்டா போதும். பிறப்புறுப்பு, ஆசனவாய் வழியா ஸ்கேன், இல்ல ஊசி குத்துற பயாப்சின்னா, புது உறை போட்டீங்களா, உறையைக் கழட்டினப்புறம் கருவியைக் கிருமிநீக்கம் பண்றீங்களான்னு கேளுங்க. பயாப்சிக்கு ஒரே தடவை பயன்படுத்துற ஸ்டெரைல் ஜெல் பாக்கெட்தான் வேணும்.

அம்மாவுக்குக் கல்லு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. கிளம்பும்போது அந்த அக்காகிட்ட, "இந்த பாட்டிலை எப்பக்கா கழுவுவீங்க?"ன்னு கேட்டேன். "தீந்தாத்தானே கண்ணு கழுவ முடியும்"னு சொல்லிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.