446 பைட்டுக்குள் ஒரு குடிமாற்றம்

பேராக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தென்னைக்குப் பெயர்போன ஊர் பாகான் டத்தோ. 2011 வரை இப்படிப்பட்ட ஊர்களுக்கும் உபுண்டு லினக்ஸ் குறுவட்டு தபாலில் இலவசமாக வரக்கூடிய காலம். முகவரி கொடுத்தால் போதும்.

விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பக்கத்தில் அதைக் குடிவைப்பது சுலபம். காலிசெய்வதுதான் வம்பு.

சங்கதி கணினியின் வன்வட்டின் முதல் 512 பைட்டில் இருக்கிறது. 1983-இல் ஐபிஎம்மின் டாஸ் 2.0 கொண்டுவந்த ஏற்பாடு அது: துவக்க நிரலுக்கு 446 பைட், பிரிவுகளின் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2. உபுண்டு நுழையும்போது விண்டோஸின் நிரலை அகற்றிவிட்டு 'க்ரப்' என்ற அதன் துவக்கி அங்கே உட்கார்ந்துகொள்ளும். அதன் மீதிப் பாகம் லினக்ஸ் பிரிவில் கிடக்கும். அந்தப் பிரிவை மட்டும் அழித்தவர்களுக்குக் கறுப்புத் திரையில் 'எரர் 22' வந்து நிற்கும். தேடிய பிரிவு இல்லை என்று பொருள். விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், கதவைத் திறக்கத்தான் ஆளில்லை.

மருந்து எக்ஸ்பி குறுவட்டிலேயே இருந்தது. அதிலிருந்து கணினியைத் தொடக்கி, 'ஆர்' விசையைத் தட்டி, 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று அடித்தால் பழைய நிரல் திரும்பிவிடும். டாஸ் காலத்தில் இதே வேலையை 'எஃப்டிஸ்க்' செய்தது. விஸ்டா முதல் 'பூட்ரெக்'.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் யூஇஎஃப்ஐ என்ற துவக்க முறை பரவியது. துவக்கிகள் தனித்தனிக் கோப்புகளாகி, ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகக் குடியிருக்கத் தொடங்கின.