மாவுப்பூச்சிக் கட்டுப்பாட்டில் பரங்கிக்காயும் உருளைக்கிழங்கும்

தர்மபுரி மாவட்ட உழவர்களுக்குக் கைக்காசு தரும் பயிர்களில் மரவள்ளியும் மல்பெரியும் அடங்கும். மரவள்ளியை இங்குக் குச்சிக்கிழங்கு என்பார்கள். இவ்விரு பயிர்களையும் தாக்கக்கூடியது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இது, இந்தியாவில் 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, விரைவில் தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் பரவியது.

உடலை மூடிய வெண்ணிற மெழுகால் இப்பூச்சியின் மேல் மருந்து எளிதில் படிவதில்லை. மல்பெரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நஞ்சு படிந்த இலையைத் தின்றால் பட்டுப்புழுவும் மடியும்.

மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு வந்திருந்தது. இதை வளர்க்கப் பரங்கிக்காய் போதும். காம்பும் ஆழமான வரிப்பள்ளங்களும் உள்ள காயாகத் தேர்ந்தெடுப்பார்கள். காம்பு, பிடித்துத் தூக்க உதவும். பள்ளங்களில் மாவுப்பூச்சிக் குஞ்சுகள் ஒண்டிக்கொள்ளும். காயைக் கழுவி, கீறல்களை மெழுகால் அடைத்து, மாவுப்பூச்சி முட்டைப்பைகளை வைப்பார்கள். காய் வெள்ளை பூத்ததும் கூண்டுக்குள் வண்டுகளை விடுவார்கள். ஆனால் புதிய பூச்சி பெருகிய வேகத்துக்கு வண்டு மட்டும் ஈடுகொடுக்கவில்லை.

2010-இல் பெங்களூரிலிருந்த தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகம், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்களைத் தருவித்தது. அவற்றில் நன்கு நிலைபெற்றது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அசிரோபேகஸ் பப்பாயே. குளவியைப் பெருக்க முதலில் அதன் இரையான மாவுப்பூச்சியைப் பெருக்க வேண்டும். அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருளைக்கிழங்கைப் பயன்படுத்தியது. சமையலுக்கு ஆகாதென்று ஒதுக்கும் முளைவிட்ட கிழங்கே இங்கு மூலப்பொருள்! மாவுப்பூச்சி படர்ந்த முளைகள் மீது குளவிகளை விட்டால், அவை இளம் பூச்சிகளுக்குள் முட்டையிடும். உள்ளிருந்து தின்னப்பட்ட பூச்சி வெறும் கூடாகி, அதிலிருந்து அடுத்த குளவி வெளிவரும். இவ்வாறு பெருக்கிய குளவிகள் வயல்களில் விடப்பட்டன.

உழவரிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: மருந்தடிக்காதீர்கள், குளவி செத்துவிடும். கடன் வாங்கிப் பயிரிட்டவர் வெள்ளை படிந்த வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதல்ல. குளவி வளர்ப்பைவிட இதுவே கடினமான வேலை என்று சொல்லலாம். ஓராண்டுக்குள் பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கியது.

2020-இல் மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, தமிழக மரவள்ளி வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. இம்முறை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபேசி என்னும் குளவி தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது.